செந்தேளும் சோடிய மடையும்

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். விடுதித் தாழ்வாரத்தில் கிடந்த காலணியை எடுத்து மாட்டிய நண்பர் ஒருவர், 'ஐயோ' என்று அலறிக் காலை உதறினார். உள்ளேயிருந்து செம்பழுப்பு நிறத்தில், விரல் நீளத்தில் ஓர் உயிர் விழுந்து, வாலை முதுகின்மேல் வளைத்தபடி சுவரோரமாக விரைந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் ஓடி வந்து பார்த்து, 'தேலு! எர்ர தேலு!' என்றார். நண்பர் மதுரைப் பக்கத்தவர்; ஏர்பேட்டுக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது; தெலுங்கில் ஒரு சொல்லும் அறியார். ஆயினும் அன்று அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அரை மணிக்குள் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கை கால்கள் சில்லிட்டன. இரு முறை வாந்தி எடுத்தார். நெஞ்சு படபடத்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். மருத்துவர் கால் விரலில் மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டார். விழுங்குவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார். பிறகு விடியும்வரை அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்த வண்ணம் இருந்தார். மறுநாள் நண்பர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கொட்டியது கால் விரலில். வியர்த்தது நெற்றியில், துடித்தது நெஞ்சு. ஒரு சொட்டுக்கும் குறைவான நஞ்சு இத்தனையையும் எப்படி ஐயா செய்தது? நீர் உயிரியல் படிக்கிறவராயிற்றே, சொல்லும்."

அவர் கணிதம் பயில்பவர். அரைகுறை விடை அவரிடம் செல்லாது. 'சோடியம் சேனல்' என்று தொடங்கினேன், 'இனாக்டிவேஷன்' என்றேன், பிறகு நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் தேர்வெழுதி மதிப்பெண் வாங்கிய ஒரு பொருளைத் தாய்மொழியில் கால் மணி நேரம் சொல்ல வரவில்லை என்றால், அதை நான் உண்மையில் அறிந்திருந்தேனா என்ற ஐயம் எழுந்தது. அந்தக் கடனை அடைக்கவே இக்கட்டுரை.

முதலில் தேளைப் பற்றி ஒரு வார்த்தை. அருகிலுள்ள திருக்காளத்தியில் சிலந்தியும் பாம்பும் யானையும் வழிபட்டுப் பேறு பெற்றன என்பது தலக்கதை. தலத்தின் பெயரே அம்மூன்றால் ஆனது. தேளுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆனால் விஞ்ஞானப் பெயர் வரிசையில் அதற்குக் கிடைத்த இடம் நம்மைத் திடுக்கிட வைக்கும். டென்மார்க்கு நாட்டுப் பூச்சியியலார் ஃபாப்ரிசியஸ் 1798ஆம் ஆண்டில் இந்தச் செந்தேளுக்கு 'டாமுலஸ்' என்று பெயர் சூட்டினார். 'தமிழ்' என்ற சொல்லின் அக்கால ஐரோப்பிய உருவமே அது. முதற்பெயர் இரண்டு மூன்று முறை மாறி இன்று 'ஹாட்டென்டாட்டா டாமுலஸ்' என வழங்குகிறது. பின்பெயர் மட்டும் மாறவே இல்லை. இந்தியாவின் பல பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் இத்தேள், உலகிலேயே மிகக் கொடிய தேள்களுள் ஒன்று. இப்படி ஓர் உயிருக்கு நம் பெயரை வைத்தார்களே என்று வருந்துவதா, மகிழ்வதா என்று தெரியவில்லை!

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். நஞ்சு என்ன செய்தது என்பதை அறிய, நஞ்சு இல்லாத நரம்பு என்ன செய்கிறது என்பதை முன்னர் அறிதல் வேண்டும்.

நம் நரம்பணு ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. கொழுப்புப் பொருளால் ஆன இச்சவ்வின் கனம் ஏறத்தாழ 5 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு. சவ்வுக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே லிட்டருக்கு 145 மில்லிமோல் சோடியம் இருந்தால், உள்ளே 12 அளவில்தான் இருக்கும். பொட்டாசியமோ உள்ளே 140, வெளியே 5 மட்டுமே. இரண்டும் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள்.

ஓய்வாக இருக்கும் நரம்பில் பொட்டாசியம் கசிவதற்கு மட்டும் சில வழிகள் எப்போதும் திறந்திருக்கும். உள்ளே நெரிசலாக இருக்கும் பொட்டாசியம் சிறிது வெளியே கசிகிறது. நேர்மின்னேற்றம் வெளியே போவதால் உள்ளே எதிர்மின்னேற்றம் மிஞ்சுகிறது. அந்த எதிர்மின்னேற்றம் மேற்கொண்டு பொட்டாசியத்தைப் போகவிடாமல் பிடித்து இழுக்கிறது. இவ்விரு இழுப்பும் ஏறத்தாழச் சமமாகும் நிலையில், உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட்டு தாழ்ந்து நிற்கும்.

'70 மில்லிவோல்ட்டா? கைவிளக்கு மின்கலத்தில் 1500 இருக்கிறதே' என்று எண்ண வேண்டாம். அது 5 நானோமீட்டர் கனத்தில் நிற்கிறது என்பதை மறக்கலாகாது. கணக்கிட்டால், சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட்டு ஆகிறது. காற்றில் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட்டு வந்தாலே பொறி பறக்கும். அதைவிட நாலைந்து மடங்கு கடுமையான மின்புலம் நம் ஒவ்வொரு நரம்பின் தோலிலும் இப்போது, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கையில், ஓசையின்றி நிற்கிறது. மின்புலத்தின் கடுமையை இங்கே நினைவிற் கொள்ளுங்கள். அதுதான் பின்னால் கதவைத் திறக்கப் போகிறது.

இப்பொழுது ஓர் ஏரியை எண்ணிப் பாருங்கள். நிரம்பிய ஏரி, கரையில் மடைகள், ஒவ்வொரு மடைக்கும் ஒரு கதவு. பாடநூல்கள் 'அயனிக் கால்வாய்' என்று எழுதுகின்றன. கால்வாய் என்றால் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது போன்ற எண்ணம் வருகிறது. ஆகவே நான் 'மடை' என்றே சொல்வேன். சோடியத்துக்கு ஒரு வகை மடை, பொட்டாசியத்துக்கு ஒரு வகை மடை என்று சவ்வில் புரத மடைகள் ஆயிரக்கணக்கில் பதிந்துள்ளன. ஊர் ஏரியில் மடையைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். இங்கே ஆள் இல்லை. சவ்வின் இருபுறத்து மின்னழுத்தம் மாறினால், அந்த மாற்றமே கதவைத் திறக்கிறது. இவற்றை மின்னழுத்த மடைகள் எனலாம்.

நரம்பில் ஓரிடத்தில் உட்புற மின்னழுத்தம் கழித்தல் 70இலிருந்து கழித்தல் 55 அளவுக்கு உயர்ந்துவிட்டால், அங்குள்ள சோடிய மடைகள் சில திறக்கும். சோடியம் உள்ளே பாயும். நேர்மின்னேற்றம் புகுந்ததால் மின்னழுத்தம் மேலும் உயரும். அதனால் இன்னும் பல மடைகள் திறக்கும். ஒரு மில்லிவினாடிக்குள் உட்புறம் கூட்டல் 30, 40 மில்லிவோல்ட்டு வரை ஏறிவிடும். அந்த எழுச்சி பக்கத்து மடைகளைத் திறக்கும்; அவை அடுத்தவற்றைத் திறக்கும். இப்படியே நரம்பின் நெடுகிலும் அலை ஓடுகிறது. தடித்த, உறையிட்ட நரம்புகளில் அது வினாடிக்கு 100 மீட்டர் வரை செல்லும்.

எழுந்தது இறங்க வேண்டுமல்லவா? அதற்கு இரு வேலைகள் நடக்கின்றன. சோடிய மடைகள் தாமாக அடைத்துக்கொள்கின்றன. சற்றுத் தாமதித்துப் பொட்டாசிய மடைகள் திறந்து, பொட்டாசியம் வெளியே பாய்ந்து, உட்புறத்தைப் பழைய கழித்தல் நிலைக்குக் கொண்டுவருகிறது. எல்லாம் இரண்டொரு மில்லிவினாடியில் முடிந்துவிடும். இதற்கென உள்ளே புகும் சோடியம் மிகச் சொற்பம். ஏரி மட்டம் இறங்கியதே தெரியாது. நாளடைவில் சேருவதை ஏற்றம் இறைப்பது போல் இறைத்து வெளியேற்ற வேறொரு புரதம் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே வாங்கும் அப்புரதத்தை 1957இல் ஸ்கூ என்பவர் கண்டறிந்தார். அது வேறு கதை.

இந்த வரலாற்றை முதலில் எண்களோடு நிறுவியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கிலேயர். அவர்களுக்கு உதவியது கணவாய். நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வலையில் வரும் ஊசிக்கணவாய்க்கு உறவான ஒரு கடற்பிராணியின் உடலில், அரை மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பருமனுள்ள நரம்பிழை ஒன்று இருக்கிறது. அதற்குள் மின்கம்பியையே நுழைத்துவிடலாம். 1939இல் தொடங்கிய வேலை, போரினால் நின்று, 1952இல் ஐந்து ஆய்வுரைகளாக வெளிவந்தது. மின்னழுத்தத்தை விரும்பிய அளவில் பிடித்து நிறுத்திக்கொண்டு, ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். சோடிய ஓட்டத்தைச் சொல்ல இரண்டு எழுத்துகள் போதும் என்று கண்டார்கள். 'எம்' என்பது திறப்பதைக் குறிக்கும். 'எச்' என்பது அடைபடுவதைக் குறிக்கும். மின்னழுத்தம் ஏறினால் எம் விரைந்து உயரும். எச் மெதுவாகக் குறையும். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு கால வேறுபாடுதான் நரம்புத் துடிப்பு.

சமன்பாடுகள் கிடைத்தன, தீர்க்க வேண்டுமே? கேம்பிரிட்ஜில் இருந்த கணிப்பொறி அந்தச் சமயம் பார்த்து ஆறு மாதம் வேலைக்கு ஆகாது என்றார்கள். ஹக்ஸ்லி, கையால் சுழற்றும் 'பிரன்ஸ்விகா' கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுழற்றினார். தாளில் வந்த வளைகோடு, கணவாய் நரம்பில் அளந்த வளைகோட்டோடு பொருந்தி நின்றது. மடை என்ற ஒரு பொருளை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. அதன் கதவுகள் எத்தனை, எவ்வளவு விரைவு என்பதை மட்டும் கணக்கால் கண்டுவிட்டார்கள். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. (இவ்வளவையும் கேட்ட கணித நண்பரின் முகத்தில் தோன்றிய பெருமிதத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.)

ஒற்றை மடையின் ஓட்டத்தை அளந்தவர்கள் ஜெர்மனியில் நேயர், சாக்மன் என்போர், ஆண்டு 1976. கண்ணாடி நுண்குழாயின் நுனியைச் சவ்வில் ஒட்டவைத்துப் பார்த்தார்கள். மின்னோட்டம் படிப்படியாக ஏறவில்லை. சட்டென்று தோன்றிற்று, சட்டென்று மறைந்தது. மடை திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். பாதி திறப்பு என்பது பெரும்பாலும் இல்லை. திறந்த ஒரு மடை வழியே வினாடிக்கு ஏறத்தாழ 1 கோடி அயனிகள் பாய்கின்றன.

இந்தக் கதவு எதனால் ஆனது? 1984இல் ஜப்பானின் கியோட்டோவில் நூமா குழுவினர், மின்விலாங்கின் சோடிய மடையில் உள்ள 1820 அமினோ அமிலங்களின் வரிசையைப் படித்துக் காட்டினர். ஒன்றுபோன்ற நான்கு பகுதிகள் வட்டமாக நிற்க, நடுவே துளை. ஒவ்வொரு பகுதியும் சவ்வை ஆறு முறை ஊடுருவிச் செல்கிறது. அந்த ஆறில் நான்காவது துண்டைக் கவனியுங்கள். அதில் மூன்றுக்கு ஒன்றாக நேர்மின்னேற்றமுள்ள அமினோ அமிலம் வருகிறது. நேர்மின்னேற்றம் தாங்கிய ஒரு கோலைக் கடுமையான மின்புலத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? உள்ளே எதிர்மின்னேற்றம் இருக்கும்வரை கோல் உட்பக்கமாக இழுபட்டுக் கிடக்கும். இழுப்புத் தளர்ந்தால் வெளிப்பக்கமாக நகரும். கோல் நகர்ந்தால் அதனோடு பிணைந்த கதவு திறக்கும். மடையைத் திறக்க ஆள் இல்லை என்றேன் அல்லவா? இந்தக் கோல்தான் ஆள்.

மடையில் ஏரிக்கு இல்லாத ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஏரி மடையில் நீரும் போகும், மீனும் போகும், செருப்பும் போகும். பொட்டாசிய மடையிலோ பொட்டாசியம் தடையின்றிப் போகும். அதைவிடச் சிறிதான சோடியம் ஆயிரத்தில் ஒன்றுகூடப் போகாது. பெரியவன் நுழையும் வாசலில் சிறியவன் ஏன் நுழைய முடியவில்லை? 1998இல் மெக்கின்னன் என்பவர் படிகத்தின் வழியே இதற்கு விடை கண்டார். 2003இல் பரிசும் பெற்றார். அயனிகள் தண்ணீரில் தனியாகத் திரிவதில்லை. நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்து போர்த்தியிருக்கும். குறுகிய துளையில் போர்வையைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கழற்றிய பொட்டாசியத்தைத் துளையின் சுவரிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் நான்கு புறமும் சரியான தொலைவில் நின்று தாங்கிக்கொள்கின்றன. சோடியத்துக்கு அந்தச் சுவர் எட்டாது. போர்வையை இழந்து தாங்குவாரின்றி நிற்பதைவிட வெளியே இருப்பதே அதற்கு ஆதாயம்.

இந்தப் பொட்டாசிய மடைகளுள் ஒரு வகையை ஆராய உதவியதும் நம் செந்தேள்தான். அதன் நஞ்சிலிருந்து 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தை 1990இல் பிரித்தெடுத்தார்கள். மின்னழுத்தத்துக்கும் கால்சியத்துக்கும் திறக்கும் பெரிய பொட்டாசிய மடையின் வாயில் அது தக்கை போலச் செருகிக்கொள்கிறது. வேறு மடைகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆகவே உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அந்த மடையை அடையாளம் காண அதையே வாங்குகிறார்கள். அதற்கு இட்ட பெயரோ 'ஐபீரியோடாக்சின்'. தேளுக்குத் தமிழ்ப் பெயர். அதன் நஞ்சுக்கு ஸ்பெயின் நாட்டுப் பெயர்!

ஆனால் அன்றிரவு நண்பரை வாட்டியது இந்தத் தக்கையன்று. அவரை வாட்டியவை சோடிய மடையைத் தாக்கும் புரதங்கள். அவை என்ன செய்கின்றன என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

சோடிய மடை திறந்த ஓரிரு மில்லிவினாடியில் தானே அடைத்துக்கொள்ளும் என்றேன். அதுவே 'எச்'. இந்த அடைப்பு, திறந்த கதவு திரும்ப மூடுவதன்று; இது வேறொரு தாழ்ப்பாள். மடைப் புரதத்தின் மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் நடுவே, அணுவின் உட்புறத்தில் ஒரு வளையம் தொங்குகிறது. அதிலுள்ள மூன்றே அமினோ அமிலங்கள்தான் தாழ்ப்பாள். அவை துளைக்குள் நேரே புகுந்து அடைப்பதாகவே முன்னர் எண்ணியிருந்தனர். துளையை ஒட்டிய ஒரு பள்ளத்தில் அவை பொருந்தி, பக்கத்திலிருந்து நெருக்கித் துளையை மூடுகின்றன என்பது அண்மைக் காலப் படங்களால் தெரிந்தது.

தாழ்ப்பாள் விழுவதற்குச் சமிக்ஞை தருவது எது? நான்கு கோல்களில் கடைசியான நான்காம் பகுதிக் கோல். முதல் மூன்றும் விரைந்து நகர்ந்து கதவைத் திறக்கின்றன. நான்காவது சற்று நிதானமாக நகர்ந்து தாழ்ப்பாளை விடுவிக்கிறது. தேள் நஞ்சின் புரதம் வெளியிலிருந்து வந்து இந்த நான்காம் கோலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மற்ற மூன்று கோல்களுக்கும் ஒரு குறைவும் இல்லை. மடை வழக்கம்போல் திறக்கும். அடைபட வேண்டிய நேரத்தில் அடைபடாது.

எத்தனை நுட்பமான திருட்டு, பாருங்கள்! வீட்டை இடிக்கவில்லை, கதவை உடைக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட வரும் கையை மட்டும் பிடித்துக்கொண்டது. பேத்தை மீனின் நஞ்சு இதற்கு நேர் எதிர். அது சோடிய மடையின் வாயை வெளியே இருந்து அடைத்துவிடும், நரம்பு பேசாது, உடம்பு மரத்துச் செயலற்றுப் போகும். தேள் நஞ்சிலோ நரம்பு பேச்சை நிறுத்தமாட்டாமல் தவிக்கிறது. ஒரு துடிப்பு எழ வேண்டிய இடத்தில் நீண்ட துடிப்பும், தொடர் துடிப்புமாக எழுகின்றன. வலி நரம்பில் இது நடந்தால் எரிச்சலும் கடுப்பும். நஞ்சு இரத்தத்தில் கலந்து, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தன்னியக்க நரம்புகளை எட்டினால்தான் ஆபத்து. அவற்றின் முனைகளும் அட்ரினல் சுரப்பியும் அட்ரினலினையும் நாரட்ரினலினையும் வெள்ளமாகக் கொட்டுகின்றன. வியர்வை பெருகும், தோலின் இரத்தக் குழாய்கள் இறுகிக் கை கால்கள் சில்லிடும், இரத்த அழுத்தம் ஏறும், இதயம் அந்தச் சுமைக்கு எதிராக இறைத்துக் களைத்து, நுரையீரலில் நீர் கோத்துவிடும். தேள் கொட்டி இறப்பவர் பெரும்பாலும் இப்படித்தான் இறக்கிறார்கள். அவர்களுள் குழந்தைகளே மிகுதி. விரலில் கொட்டியது நெஞ்சில் துடித்ததற்கு இதுவே விடை.

அந்த இரவின் ஊசியும் மாத்திரையும் இப்போது விளங்கும். ஊசியில் இருந்தது லிடோகெயின். அதுவும் சோடிய மடையையே தேடிப் போகிறது. ஆனால் அணுவின் உட்புறத்திலிருந்து துளைக்குள் உட்கார்ந்து வழியை மறிக்கிறது. ஆக, ஒரே கால் விரலில், ஒரே புரதத்தில், வெளியே ஒருவன் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே மற்றொருவன் வழியில் குந்திக்கொண்டான். வலி அடங்கியது. ஆனால் நெஞ்சுக்கு அது போதாது. மாத்திரை பிராசோசின். அது மடைப் பக்கமே போவதில்லை. இரத்தக் குழாய்களில் நாரட்ரினலின் வந்து அமரும் இருக்கையைத் தான் பிடித்துக்கொள்கிறது. வெள்ளம் வந்தாலும் குழாய் இறுகுவதில்லை. இதயத்தின் சுமை இறங்குகிறது. மராட்டிய மாநிலம் கொங்கணப் பகுதியில் மகாட் என்ற சிற்றூரின் மருத்துவர் பவாஸ்கர், மருத்துவரான தம் மனைவியாருடன் சேர்ந்து இதைக் கண்டு, 1986இல் 'லான்செட்' இதழில் எழுதினார். செந்தேள் நஞ்சு உடம்பில் பரவியவருள் முன்பு நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த நிலை மாறி, இறப்பு மிகமிக அரிதாயிற்று என்று அவர் பின்னர்க் கணக்குக் காட்டினார். பெருநகர ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்து குறித்த குறிப்புகளே இருந்தன. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நோபல் பெற்ற பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். இந்தப் பெயரையும் அந்த வரிசையில் வைத்துப் படிக்கலாம் என்பது என் கருத்து.

நம் விடுதியில் இன்னும் சிலர், தேள் கொட்டினால் கயிற்றால் இறுகக் கட்டுவது, கீறி இரத்தம் விடுவது, வெங்காயம் தேய்ப்பது என்று பேசக் கேட்கிறேன். மேலே சொன்னதை நினைவிற் கொண்டால் இவற்றுள் எதுவும் நான்காம் கோலை விடுவிக்காது என்பது தெரியும். வியர்வை, வாந்தி, சில்லிட்ட கை கால், மூச்சிரைப்பு இவற்றுள் ஒன்று கண்டாலும் ஒரு நாழிகையும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரை கொடுத்த பின் நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். திடுமென எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். எங்கள் நண்பர் எழுந்து உலாவ முயன்று வாங்கிக் கட்டிக்கொண்டது அதனால்தான்.

இக்கட்டுரையின் முதற்படியை அவரிடம் காட்டினேன். எம், எச் இருக்கும் பகுதியில் நின்றுவிட்டார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி சமன்பாடுகளை எழுதித் தரச் சொன்னார். தம் மடிக்கணினியில் அவற்றை ஏற்றி, எச் குறையும் வேகத்தை மட்டும் பத்தில் ஒன்றாக்கி ஓடவிட்டார். ஹக்ஸ்லி வாரக்கணக்கில் சுழற்றிய கணக்கு கண்ணிமைப்பதற்குள் முடிந்தது. ஊசிமுனைபோல் எழுந்து விழ வேண்டிய வளைகோடு, எழுந்தது, இறங்கவில்லை, மேசைபோல் நெடுநேரம் மேலேயே கிடந்தது. நண்பர் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தம் கால் விரலைத் தடவிப் பார்த்தார்.